எனக்குக் கேட்காத ஒரு சத்தம்

1

இந்தக் கதை என் மூக்குக் கண்ணாடியின் கால் உடைந்ததில் ஆரம்பித்தது. எப்படி உடைந்தது என்று கேட்காதீர்கள். சரி, கேட்டுவிட்டீர்கள்: நாற்காலியில் வைத்திருந்தேன், மறந்துபோய் அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டேன். தனியாக இருப்பவர்கள் பொருள்களைக் கண்ட இடத்தில் வைப்பார்கள். எடுத்து வைக்கச் சொல்லித் திட்ட வீட்டில் ஆள் கிடையாது.

நான் இருப்பது மூன்றாவது மாடி. தரைத்தளத்தில் ஒரு கண்ணாடிக் கடை. கடைக்கு நேர் மேலே, முதல் மாடியில், ஒற்றை அறையில் கண்ணாடிக்காரர் குடியிருக்கிறார். உடைந்த கண்ணாடியைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு இறங்கிப் போனேன். அவர் வாங்கிப் பார்த்தார்.

"இது மேல உக்காந்துட்டீங்களா மேடம்?"

"எப்படித் தெரியும்?"

"பாதிப் பேரு உக்காந்துட்டுத்தான் வர்றாங்க. மீதிப் பேரு குழந்தை உடைச்சிடுச்சுன்னு சொல்லுவாங்க."

அவர் திருகாணி தேடும்போது நான் வாசலை வேடிக்கை பார்த்தேன். கதவு நிலைக்கு மேலே சோப்பு டப்பா அளவில் ஒரு பெட்டி, பார்க்கக் காமிரா மாதிரி. போன தடவை வந்தபோது இருந்த நினைவில்லை.

"அதுதான் மேடம், அந்தப் பசங்களுக்காக வெச்சது. அன்னைக்கு உங்க வீட்டுக்குக்கூட வந்து கேட்டேனே."

கேட்டார். கடை வாசல் படிக்கட்டில் சாயங்காலமானால் பத்துப் பிள்ளைகள் கூடிவிடுவார்கள். சிரிப்பு, சண்டை, செல்போனில் பாட்டு. அவர்களை விரட்ட ஒரு மெஷின் வைக்கலாமா என்று வீடு வீடாக ஏறிக் கேட்டார். நான் கதவைப் பாதி திறந்து, "ரொம்ப நல்லதுங்க" என்று சொல்லிப் பாதியையும் சாத்திக்கொண்டேன்.

"இப்போ ஓடுதா?"

"கடை தெறந்திருக்கும்போது ஓடாது. கண்ணு பாக்கச் சின்னப் பிள்ளைங்க வருவாங்கல்ல. கடை சாத்தினா தானா ஆன் ஆகும். ஞாயித்துக்கிழமை லீவு, அன்னைக்கு நாள் முழுக்க ஓடும். டைமர் போட்டுக் குடுத்துட்டாங்க. நான் கையே வைக்க வேணாம்."

"ஓடுதுன்னு எப்படித் தெரியும்?"

"பச்சை லைட் எரியும்."

"சத்தம்?"

"நமக்குக் கேக்காது மேடம். வயசானா அந்தச் சத்தம் காதுல ஏறாதாம். தொல்லை பண்ற பசங்களுக்கு மட்டும்தான் கேக்கும்னு சொல்லித்தான் குடுத்தாங்க."

(இந்தக் கடைசி வாக்கியத்தைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். விற்க வந்தவன் வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறான். ஏதோ அந்தப் பெட்டி ஒவ்வொருவரின் நடத்தையையும் விசாரித்துவிட்டு ஊதுவது போல.)

கண்ணாடியைச் சனிக்கிழமை தருவதாகச் சொன்னார். பழைய கண்ணாடி ஒன்றை மாட்டிக்கொண்டு மாடி ஏறினேன். எனக்குக் கேட்காத ஒரு சத்தம் என் ஜன்னலுக்குக் கீழேயே ஓடிக்கொண்டிருக்கிறது என்ற நினைப்பு என்னை விடவில்லை. உட்கார்ந்து எழுத ஆரம்பித்தேன்.

2

முதல் தொடக்கம்:

"அந்தத் தெருவில் ஒரு சத்தம் இருந்தது. அது யாருக்கும் கேட்கவில்லை."

படிக்க நன்றாக இருக்கிறது. அதனாலேயே சந்தேகம் வந்தது. யாருக்கும் கேட்கவில்லை என்பது பொய். கேட்கவேண்டியவர்களுக்குக் கேட்டது. பெரியவர்களுக்குக் கேட்காததை யாருக்கும் கேட்காதது என்று எழுதிவிட்டேன். அடித்தேன்.

இரண்டாவது:

"நெட்டைதான் முதலில் காதைப் பொத்திக்கொண்டான். மற்றவர்கள் சிரித்தார்கள். பிறகு"

பிறகு என்ன என்று எனக்குத் தெரியவில்லை. நெட்டை என்பது அந்தக் கூட்டத்தில் ஒரு பையனுக்கு அவர்கள் வைத்த பெயர். அவனை நான் மேலிருந்து மட்டுமே பார்த்திருக்கிறேன். அவன் உச்சந்தலையில் இரட்டைச் சுழி இருப்பது தெரியும். முகம் தெரியாது. முகம் தெரியாத ஒருவனை வைத்து எத்தனை பக்கம் ஓட்ட முடியும்?

ஆனால் அவன் குரல் தெரியும். அவர்கள் எல்லோருடைய குரலும் தெரியும். யார் யாரோடு பேசுவதில்லை, யாருக்குக் கணக்கு வராது, எந்தப் பெண்ணை எவன் பார்க்கிறான், அவள் எவனைப் பார்க்கவில்லை, எல்லாம் என் ஜன்னல் வழியாக வீட்டுக்குள் வந்துவிடும். ஒருமுறை பொறுக்க முடியாமல் எட்டிப் பார்த்து, "உங்களுக்கெல்லாம் வீடு வாசல் கிடையாதா?" என்று கத்தினேன். பிறகு யாரோ என் குரலிலேயே, என் இழுவையோடு, "வீடு வாசல் கெடையாதாஆ?" என்றார்கள். கோபமாக ஜன்னலைச் சாத்தினேன். சாத்திய பிறகு சிரிப்பு வந்தது. அச்சு அசல் நான்தான்.

இப்போது அவர்கள் இல்லை. இரண்டு தெரு தள்ளி, மூடிக் கிடக்கும் பெட்ரோல் பங்கில் உட்காருகிறார்களாம். என் வீடு நான் ஆசைப்பட்ட அளவுக்கு அமைதியாக இருக்கிறது. ஃபிரிட்ஜ் ஓடி நிற்பது கேட்கிறது. நேராகவே சொல்லிவிடுகிறேன்: இந்த வீட்டில் நடந்த ஒரே பேச்சு அவர்களுடையதுதான் என்று அவர்கள் போன பிறகே தெரிந்தது.

மூன்றாவது தொடக்கம்:

"அந்தச் சத்தம் எப்படி இருந்ததென்றால்,"

காற்புள்ளியில் நின்றுவிட்டேன். கொசு ரீங்காரம் போல என்று எழுதினேன், அடித்தேன். கொதிக்கும் கெட்டிலின் விசில் போல, அடித்தேன். எனக்குக் கேட்கிற சத்தங்களை வைத்து எனக்குக் கேட்காத சத்தத்தை எப்படிச் சொல்வது?

3

கேட்கக்கூடிய ஒருவரிடம் கேட்கலாம், அவ்வளவுதானே என்று நினைப்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். செல்போனை எடுத்து வரிசையாகப் பெயர்களைத் தள்ளிக்கொண்டே போனேன். பல் டாக்டர். பதிப்பகத்தார். இறந்துபோய் இரண்டு வருடம் ஆகியும் அழிக்க மனம் வராத ஒரு தோழி. அண்ணன் மகன், அவனுக்கே காதோரம் நரைத்துவிட்டது. என் வாழ்க்கையில் இருபத்தைந்து வயதுக்குள் ஒருவர்கூட இல்லை. இது எப்போது நடந்தது என்று தெரியவில்லை.

(இங்கே ஒரு பத்தி புலம்பல் இருந்தது. எடுத்துவிட்டேன். உங்களுக்கும் வேலை இருக்கும்.)

மறுநாள் சாயங்காலம், கண்ணாடிக் கடை சாத்திய பிறகு, பார்சல் கொண்டுவரும் பெண் மணி அடித்தாள். காலேஜில் படித்துக்கொண்டே வேலை பார்ப்பவள். ஹெல்மெட்டைக் கழற்றாமல் நின்றாள்.

"கையெழுத்துக்கா."

"அம்மாடி, ஒண்ணு கேக்கணும். கீழ வாசல்ல ஏதாவது சத்தம் கேட்டுதா?"

அவள் முகம் சுருங்கியது. "ஐயோ, அதுவா! அதுக்குத்தான்க்கா ஹெல்மெட்டைக் கழட்டாமலே வந்தேன்."

எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். உள்ளே வந்து உட்காரச் சொன்னேன். இன்னும் நிறைய வீடு பாக்கி இருக்கிறது என்றாள். வாசலிலேயே தண்ணீர் கொடுத்தேன்.

"அது எப்படியிருக்கும்? எனக்குப் புரியற மாதிரி சொல்லேன்."

"சத்தம்னே சொல்ல முடியாதுக்கா. சாக்லேட் சுத்தற ஜிகினாத் தாள் இருக்குல்ல, அதைப் பல்லுல கடிச்சா கூசுமே, அந்தக் கூச்சம் காதுக்குள்ள இருந்தா எப்படியிருக்கும். நிக்கவே நிக்காது. அஞ்சு நிமிஷம் இருந்தா தலை வலிக்க ஆரம்பிச்சிடும்."

"அப்படின்னா என்கிட்ட ஏன் இவ்வளவு நாளா சொல்லல?"

அவள் விழித்தாள். "உங்களுக்கெல்லாம் பழகிடுச்சுன்னு நெனச்சேன்க்கா. பாவம், இதுக்குள்ளயே இருக்காங்களேன்னு நெனச்சுப்பேன்."

அவள் போய்விட்டாள். நான் கதவைச் சாத்தாமல் நின்றேன். ஜிகினாத் தாள் நல்ல உவமைதான், ஆனால் என்னைப் பிடித்து நிறுத்தியது அது இல்லை. *உங்களுக்கெல்லாம் பழகிடுச்சுன்னு நெனச்சேன்.* எனக்குக் கேட்காது என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. கேட்டும் பொறுத்துக்கொண்டிருக்கிறேன் என்று நினைத்து, என் மனம் புண்படக்கூடாதென்று, வாயைத் திறக்காமல் இருந்திருக்கிறாள்.

கதை எனக்குக் கிடைத்துவிட்டது.

4

கண்ணாடிக்காரருக்கு ஒரு மகளைக் கொடுத்தேன்.

வயது பதினாலு. பெயர் வேண்டாம், அவர் அவளைக் குட்டி என்று கூப்பிடட்டும். பெற்றோர் பிரிந்துவிட்டார்கள். மகள் அம்மாவோடு இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் அப்பாவிடம் வருவாள். (ஒரு மனிதரின் குடும்பத்தை இப்படி ஒரே வரியில் பிரிக்க எனக்கு யார் உரிமை கொடுத்தது? அவர் என் கண்ணாடிக்குத் திருகாணி தேடிக்கொண்டிருக்கிறார், நான் அவர் மனைவியை அனுப்பிவிட்டேன்.)

ஞாயிறு. கடை லீவு. பச்சை விளக்கு காலையிலிருந்து எரிகிறது. அப்பா அறையைப் பெருக்கிப் படுக்கை விரிப்பை மாற்றி, மகளுக்கு வெக்கையாக இருக்குமே என்று ஜன்னலை விரியத் திறந்து வைக்கிறார். அந்த ஜன்னலுக்கு நேர் கீழேதான் பெட்டி.

மகள் வருகிறாள். பையை வைக்கிறாள். ஜன்னலைச் சாத்துகிறாள்.

"புழுங்குமே குட்டி."

"பரவால்லப்பா."

தெருவில் அவளோடு படிக்கிறவர்கள் யாராவது போவார்கள், இந்த ஒற்றை அறையில் அவள் இருப்பதைப் பார்ப்பார்கள், அதற்குத்தான் சாத்துகிறாள் என்று அவர் நினைத்துக்கொள்கிறார். முட்டை பொரிக்க அடுப்படிக்குப் போகும்போது, கொஞ்சமாவது காற்று வரட்டும் என்று பாதி திறந்துவிட்டுப் போகிறார்.

"அவருக்குத் தெரியாதா? மகளும் சின்னப் பெண்தானே, அவளுக்கும் கேட்குமே?" என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். பேனாவை வைத்துவிட்டு அறைக்குள் இரண்டு சுற்று நடந்தேன். ஆனால் யோசித்துப் பாருங்கள். அவரைப் பொறுத்தவரை அது தொல்லை பண்ணுகிற பசங்களுக்கான மெஷின். குட்டி எப்படி அந்தக் கணக்கில் வருவாள்? போதாததற்கு டைமர் வேறு. தானாக ஓடி, தானாக நிற்கிற ஒன்றை எத்தனை நாள் நினைவில் வைத்திருப்பீர்கள்? உங்கள் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியைக் கடைசியாக எப்போது நினைத்தீர்கள்?

மகளின் பக்கத்துக்கு வருகிறேன். இங்கே பார்சல் பெண் எனக்குக் கொடுத்ததை அப்படியே எடுத்துக்கொள்கிறேன். சத்தம் அப்பாவுக்கும் கேட்கிறது என்றுதான் மகள் நினைக்கிறாள். பழைய ஃபிரிட்ஜிலிருந்து வருகிறது என்று முதலில் நினைத்தாள். அவர் ரொட்டி வாங்கப் போன நேரம் அதன் பிளக்கைப் பிடுங்கிப் பார்த்தாள். சத்தம் நிற்கவில்லை. திரும்பச் சொருக மறந்ததில் பால் கெட்டதுதான் மிச்சம். சரி, இந்தக் கட்டடமே இப்படித்தான், வயரிங் கோளாறு என்று முடிவுசெய்தாள். அப்பாவால் வேறு வீடு பார்க்க முடியாது. இந்தச் சத்தத்துக்குள்தான் அவர் தூங்குகிறார், சாப்பிடுகிறார், துணி துவைக்கிறார். கிளம்பும்போது அம்மா வேறு சொல்லி அனுப்பியிருக்கிறாள்: "அப்பா வீட்ல அது சரியில்ல, இது சரியில்லன்னு எதுவும் சொல்லிடாத. சங்கடப்படுவாரு."

அதனால் சொல்லவில்லை. காதில் இயர்போனை மாட்டிக்கொள்கிறாள்.

"என்ன குட்டி, அப்பாகிட்டப் பேசப் பிடிக்கலியா?"

கழற்றிவிடுகிறாள். கொஞ்ச நேரம் கழித்து நெற்றியைப் பிடித்துக்கொள்கிறாள்.

"தலை வலிக்குதுப்பா."

5

இந்த இடத்தில் கதை எந்தப் பக்கம் வேண்டுமானாலும் போயிருக்கலாம். வேறு அப்பாவாக இருந்தால் தைலம் எடுத்திருப்பார். டாக்டராக இருந்தால் காய்ச்சல் பார்த்திருப்பார். இவர் கண்ணாடிக்காரர். தலைவலி என்ற சொல் காதில் விழுந்தால் இவருக்கு ஒன்றுதான் தோன்றும்.

"வா, கீழ வா. கண்ணு பாத்துடலாம்."

சாத்திய கடைக்குள் இருவரும் இறங்குகிறார்கள். அவர் விளக்கைப் போடுகிறார். உயரமான நாற்காலியில் அவளை உட்காரவைத்து, அந்தக் கனத்த சோதனைச் சட்டத்தை மூக்கில் மாட்டி, கண்ணாடிச் சில்லுகளை ஒவ்வொன்றாக மாற்றிப் போடுகிறார். சின்ன வயதில் இதுதான் அவளுக்குப் பிடித்த விளையாட்டு. எல்லாச் சில்லையும் ஒரே நேரத்தில் போடச் சொல்லி, அப்பா யானை மாதிரி தெரிகிறார் என்று சிரிப்பாள்.

"இது தெளிவா இருக்கா, இதுவா?"

"ரெண்டும் ஒரே மாதிரி இருக்குப்பா."

"நல்லா பாத்துச் சொல்லு. இதுவா, இதுவா?"

பெட்டி அவர்கள் தலைக்கு மேலே, கதவுக்கு வெளியே ஊதிக்கொண்டிருக்கிறது. அவள் எதையாவது சொல்லி மேலே போய்விட வேண்டும் என்று இருக்கிறாள்.

"இதுப்பா."

அவ்வளவுதான். கால் பவர் என்று எழுதிக்கொள்கிறார். அவர் முகத்தில் நிம்மதி. தலைவலிக்கு ஒரு காரணம் இருக்கிறது, அந்தக் காரணம் அவர் இல்லை. கடையிலேயே லேசான, விலை உயர்ந்த சட்டமாக எடுத்து, அடுத்த ஞாயிறுக்குள் தன் கையாலேயே தேய்த்துப் பொருத்தி வைக்கிறார். அவளும் போட்டுக்கொள்கிறாள். பார்வையில் ஒரு கோளாறும் இல்லாத பெண், அப்பா செய்து கொடுத்தார் என்பதற்காக, ஞாயிற்றுக்கிழமை மட்டும் கண்ணாடி போட்டுக்கொண்டு வருகிறாள்.

தலைவலி போகவில்லை.

பிறகு ஒரு வாரம் பரீட்சை. அடுத்த வாரம் தோழியின் பிறந்தநாள். அதற்கடுத்து அம்மாவிடமிருந்து போன்: "அங்க வந்தாலே அவளுக்குத் தலைவலி வருதுங்க. நான் எதுவும் சொல்லிக் குடுக்கல. தயவுசெஞ்சு வற்புறுத்தாதீங்க."

அவர் போனை வைக்கிறார். ஜன்னல் திறந்திருக்கிறது.

(இந்தக் கடைசி வரிகளை எழுதிவிட்டு எழுந்துபோய் முகம் கழுவினேன். உண்டாக்கிய ஆளுக்காக அழுவது என் தொழிலில் ஒரு சௌகரியம். அவர் வந்து, "ஏன் மேடம் அழுறீங்க?" என்று கேட்க மாட்டார்.)

6

அடிக்குறிப்பாகப் போட நினைத்து, அதற்குள் அடங்காமல் இங்கே வந்தது:

மகளை நான் உண்டாக்கினேன் என்றேன். அது முழு உண்மை இல்லை.

என் எழுதும் நாற்காலி ஜன்னலோரம் இருக்கிறது. எழுத்து நிற்கும்போது கீழே பார்ப்பேன். எழுத்து பெரும்பாலும் நின்றுதான் இருக்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் முதல் மாடி ஜன்னல் கதவுகளை ஒரு பெரிய கை வெளிப்பக்கம் தள்ளித் திறக்கும். கொஞ்ச நேரத்தில், பையோடு ஒரு சிறுமி வருவாள். தெருமுனை வரைக்கும் ஒரு பெண்மணி கூட வருவாள், அதற்கு மேல் வரமாட்டாள். பிறகு ஒரு சின்னக் கை ஜன்னலை இழுத்துச் சாத்தும். மறுபடி பெரிய கை. மறுபடி சின்னக் கை. ஒரு ஞாயிறு அவள் வாசலில் நின்று அண்ணாந்து கட்டடத்தையே முறைத்துப் பார்த்தாள். மூக்கில் புதுக் கண்ணாடி. அதற்குப் பிறகு அவளைக் காணோம். பெரிய கை மட்டும் திறந்தது.

நான் பார்த்தது இவ்வளவுதான். மற்றதெல்லாம் நான் கட்டியது. தப்பாகக்கூட இருக்கலாம் என்று நேற்று வரை எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

இன்று சனிக்கிழமை. கண்ணாடியை வாங்கப் போனேன். அவர் என் மூக்கில் மாட்டிப் பார்த்து, காதோரம் கொஞ்சம் வளைத்துக் கொடுத்தார்.

"அடுத்த மாசத்துலேருந்து ஞாயித்துக்கிழமையும் கடை உண்டு மேடம். ஏதாவதுன்னா வாங்க."

"ஏன், ஞாயிறு லீவு வேணாமா?"

"சும்மாதானே இருக்கேன்." துடைக்கும் துணியை மடித்தார். மறுபடி பிரித்தார். "பொண்ணு வந்துட்டிருந்தா. இப்ப வர்றதில்ல. தலைவலியாம். நானே டெஸ்ட் பண்ணிக் கண்ணாடி போட்டுக் குடுத்தேன், அப்பவும் போகல. நாளைக்கு ஒருதரம் வரேன்னு சொல்லியிருக்கா, கண்ணாடியைத் திருப்பிக் குடுக்க. எத்தனை பேருக்குப் பாத்திருக்கேன் மேடம். என் பொண்ணுக்குப் பாக்கத் தெரியல."

நான் எழுதியிருந்தது அத்தனையும், கிட்டத்தட்ட வரிசையாக, அவர் வாயிலிருந்து வந்தது. கதை பலித்தால் எழுத்தாளருக்குச் சந்தோஷம் வரும் என்று நினைக்கிறவர்கள் நினைத்துக்கொள்ளட்டும்.

அப்போதே சொல்லியிருக்க வேண்டியதுதானே? வாய்வரை வந்தது. *அந்தப் பெட்டியை அணைச்சுடுங்க.* ஒரே வாக்கியம். அடுத்து அவர் என்ன கேட்பார் என்று யோசித்தேன். "உங்களுக்கு எப்படி மேடம் தெரியும்?" என்பார். இத்தனை ஞாயிறும் மேலே உட்கார்ந்து உங்கள் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தேன் என்று சொல்ல வேண்டும். வேறு பார்க்க எதுவும் இல்லாத ஒரு பொம்பளை என்று அவருக்குத் தெரிந்துவிடும். அந்த வெட்கம் என்னைப் பிடித்துக்கொண்டது. "ரொம்ப நல்லதுங்க" என்று உளறிவிட்டு மாடி ஏறிவிட்டேன்.

எது ரொம்ப நல்லது? கடவுளே.

இன்னொன்றும் மேலே வந்தபிறகு உறைத்தது. ஞாயிறு கடை திறந்தால் பெட்டி ஓடாது. அவள் வந்தால் தலை வலிக்காது. ஆனால் அவள் வருவதில்லை என்பதால்தான் கடையைத் திறக்கிறார். அவள் வரப்போவது இனி நாளை ஒருநாள்தான், நாளை பெட்டி ஓடும்.

7

ஆகவே முடிவுகள்.

முடிவு அ. நெட்டை வந்து சொல்கிறான். "அங்கிள், அந்தச் சத்தம் உங்க பொண்ணுக்கும் கேக்கும்ல?" சரியான ஆள், அவனுக்குத்தான் கேட்கும். ஆனால் அவன் ஏன் வருவான்? சொல்லக்கூடியவர்கள் எல்லோரையும் அந்தப் பெட்டியே விரட்டிவிட்டது. அடித்தேன்.

முடிவு ஆ. நாளை மதியம் கரண்ட் போகிறது. மின்விசிறி நிற்கிறது. பெட்டியும் நிற்கிறது. மகள் சட்டென்று தலையைத் தூக்குகிறாள்.

"நின்னுடுச்சு!"

"ஆமா குட்டி, கரண்ட் போயிடுச்சு. புழுங்கும். இரு, ஏதாவது எடுத்து வீசறேன்."

"வேணாம்ப்பா. நல்லாயிருக்கு."

அவளே போய் ஜன்னலைத் திறக்கிறாள். அவர் ஆச்சரியத்தோடு பார்க்கிறார். கீழே போய் அந்தச் சோதனைச் சட்டத்தை எடுத்து வரச் சொல்லி, எல்லாச் சில்லையும் ஒன்றாகப் போட்டு, "அப்பா, இன்னும் யானைதான்" என்கிறாள். இருவரும் கண்ணில் நீர் வரச் சிரிக்கிறார்கள். கெட்ட காலம் முடிந்தது என்று அவர் நினைக்கிறார். பாவம், அப்பாவுக்கும் இன்றைக்குத்தான் நிம்மதி என்று அவள் நினைக்கிறாள். சாயங்காலம் விசிறி மெல்லச் சுழல ஆரம்பிக்கிறது.

"அப்பாடா, வந்துடுச்சு!" என்கிறார் அவர், அவளுக்காகச் சந்தோஷப்பட்டு.

"ஆமாப்பா" என்கிறாள் அவள், நெற்றியைத் தொடாமல்.

இதுதான் நான் எழுதியதில் நல்ல முடிவு. இதைப் பத்திரிகைக்கு அனுப்பினால் போடுவார்கள். நான்கு பேர் கடிதம் எழுதுவார்கள். கீழே இருக்கிற மனிதர் அடுத்த மாதம் ஞாயிற்றுக்கிழமையும் கடை திறப்பார். மூன்று மாடிக்கு மேலே உட்கார்ந்து அவரை வைத்து ஒரு நல்ல முடிவு செய்துவிட்டேன் என்று நினைத்தபோது என் மேலேயே எனக்குக் கசந்தது.

முடிவு இ. நான் கீழே இறங்கிப் போனேன். வாசலில் பச்சை விளக்கு எரிந்தது. தெருமுனையிலிருந்து அவள் வந்துகொண்டிருந்தாள், கையில் கண்ணாடிக் கூடு. படிக்கட்டில் கால் வைத்ததும் முகம் சுருங்கியது.

"ஒரு நிமிஷம்மா. இங்க ஒரு சத்தம் கேக்குதா உனக்கு?"

அவள் கண் விரிந்தது. "உங்களுக்கும் கேக்குதா ஆன்ட்டி?"

"இல்ல. எனக்குக் கேக்காது. உங்க அப்பாவுக்கும் கேக்காது."

"அப்பாவுக்குக் கேக்காதா?"

"எங்க வயசுல யாருக்குமே கேக்காது. அதோ அந்தப் பெட்டியிலிருந்துதான் வருது."

அவள் பெட்டியைப் பார்த்தாள். மேலே ஜன்னலைப் பார்த்தாள். "நான் அப்பா இதைக் கேட்டுக்கிட்டேதான் தூங்கறாருன்னு நெனச்சு, அதைப் போய் எப்படிச் சொல்றதுன்னுதான்"

அவள் வாக்கியத்தை முடிக்கவில்லை. நானும் முடிக்கவில்லை. அவள் மாடிப்படியில் ஓடிக்கொண்டிருந்தாள்.

8

மேலே இறந்த காலத்தில் எழுதியது இன்னும் நடக்கவில்லை. தைரியத்துக்காக அப்படி எழுதினேன். இன்று சனிக்கிழமைதான்.

அந்த வாக்கியத்தை வீட்டுக்குள் சத்தமாகச் சொல்லிப் பார்த்தேன். "இங்க ஒரு சத்தம் கேக்குதா உனக்கு?" முதல் தடவை தொண்டை கட்டிக்கொண்டது. இன்று முழுக்கக் கண்ணாடிக்காரரைத் தவிர யாரிடமும் பேசவில்லை. இரண்டாம் தடவை என் இழுவை வந்துவிட்டது, அந்தப் பிள்ளைகள் கேலி செய்தார்களே, அதே இழுவை. மூன்றாம் தடவை பரவாயில்லை.

அவள் சொல்வதாக நான் எழுதியது எதையும் அவள் சொல்லாமல் போகலாம். "யார் நீங்க?" என்று கேட்டு விலகிப் போகலாம். பெட்டி நின்றால் நெட்டையும் கூட்டமும் திரும்பி வந்து, என் ஜன்னலுக்குக் கீழே மறுபடி ரகளை பண்ணலாம். வந்தால் கத்துவேன். வரட்டும்.

மேலே அறைக்குள் போன பிறகு அப்பாவிடம் மகள் என்ன சொன்னாள், அவர் முகம் எப்படி ஆனது என்பதை மட்டும் நான் எழுத மாட்டேன். அது என் காதுக்கானது இல்லை. அதற்குப் பிறகு ஜன்னல் திறந்தே இருந்ததா, சின்னக் கை வந்து சாத்தியதா என்பது எனக்கும் தெரியப்போவதில்லை. ஜன்னலை மேலிருந்துதான் பார்க்க முடியும். நாளைக் காலை நான் மேலே இருக்கமாட்டேன்.

தெரிந்தே ஆகவேண்டும் என்றால் நீங்கள் வந்து என் நாற்காலியில் உட்கார்ந்து பாருங்கள். கதவைத் திறந்து வைத்துவிட்டுத்தான் இறங்குவேன். உட்காருவதற்கு முன்னால், அதன் மேல் என் கண்ணாடி இருக்கிறதா என்று மட்டும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.